சிறுநீர் எப்படிப் போகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. குறுவை நடவு முடிந்ததிலிருந்து இடுப்பில் தொடங்கி இடது கெண்டைக்கால் வரை வலி இழுக்கிறது. ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ், எல்4 - எல்5’ என்று வந்திருக்கிறது. முட்டியில் சத்தமும் கேட்கிறது. பத்து நாள் பிசியோதெரபியில் கரண்ட் வைத்தும் குணமில்லை. பிரஷர் மாத்திரையோடு, மெடிக்கலில் செட் மாத்திரையும் வாங்கிப் போடுகிறார். ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று இணையத்தில் படித்தேன். சம்பா நடவுக்கு அவர் போக முடியுமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் கத்தி படாமலே அடங்கிவிடும். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு சற்றுப் பிதுங்கியிருக்கிறது, என்றுதான் வரும். அந்தக் காகிதத்தை மடித்து உள்ளே வையுங்கள். இணையத்தில் படித்ததையும் அதோடு சேர்த்து வையுங்கள். முட்டியில் வலியும் வீக்கமும் இல்லாமல் சத்தம் மட்டும் கேட்டால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. அம்மாவுக்குச் சிறுநீர் எப்படிப் போகிறது?

முதுகுத்தண்டின் அடியில், மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் கால்களுக்கும் போகும் நரம்புகள் கொத்தாக இறங்குகின்றன. பிதுங்கிய டிஸ்க் அபூர்வமாக அந்தக் கொத்தை மொத்தமாக அழுத்திவிடும். அப்போது பை நிரம்பியிருந்தும் முட்டுவது தெரியாது. முக்கினால்தான் சிறுநீர் வரும், அல்லது தெரியாமல் கசியும். வெளிக்குப் போய்விட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவது உறைக்காது. தொடையின் உள்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போகும். ஒரு காலில் இருந்த வலி இரண்டு காலுக்கும் பரவலாம். இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அது நடுராத்திரியானாலும் 108ஐ அழைத்து, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்த நிலையில் ஆபரேஷன்தான் வழி. தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரத்திலும் நரம்பு மீளும் வாய்ப்பு குறைகிறது.

அம்மா இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நடவு வயலில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து மாலைவரை அடக்கியே பழகியவர்கள் நம் பெண்கள். சிறுநீர் வரவில்லை என்றால் வெயில் சூடு என்று நினைத்து மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மகனிடம் பேசக் கூச்சப்படுவார் என்றால் அக்காவையோ அத்தையையோ விட்டு இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். அப்படியே அம்மாவை இரண்டு குதிகால்களிலும் நின்று பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். இடது பாதத்தின் முன்பகுதி தரையைவிட்டு எழாவிட்டால், அதையும் ஓரிரு நாளில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அந்தச் செட் மாத்திரையை இனி வாங்காதீர்கள். எந்த மாத்திரையோடு எதைச் சேர்த்து மடித்துக் கொடுத்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் வலி மாத்திரை இருக்கும், பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண்ணாக்கும். வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குடிக்காமல் நிற்கிற உடம்பில் அது நேரே சிறுநீரகத்தில் கை வைக்கிறது. வாரக்கணக்கில் போட்டிருந்தால் மீதி மாத்திரைகளோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு பழகிய உடம்புக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் வைத்ததில் குணமில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. அது சற்று நேரம் வலியை மறக்கச் செய்யும், அவ்வளவுதான். பிசியோதெரபியில் குணம் தருவது பயிற்சி. அம்மா பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி, ஓரிரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். பழகிய பிறகு உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு பாயில் படிந்திருக்க, மெல்ல எழும்பி இறங்கட்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு நான்கைந்து தடவை. செய்யும்போது வலி எங்கே நகர்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கும், தொடையை விட்டு இடுப்புக்கும் ஏறினால் நல்ல அறிகுறி, இடுப்பு வலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மாறாக வலி பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் வேறு பயிற்சி கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

படுத்தே கிடப்பது வேண்டாம். தெருக்கோடி வரை பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு நடை நடக்கட்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள்.

சம்பா நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கால் வலி இடுப்போடு நின்று, அரை மணி நேரம் நடந்தும் திரும்ப இறங்கவில்லை என்றால் போகலாம். முதல் வாரம் அரை நாள் போதும். குனிந்தே கிடக்காமல் கால் மணிக்கு ஒரு முறையாவது நிமிர்ந்து, இடுப்பில் கை ஊன்றிப் பின்னால் வளைய வேண்டும். ஈரம் சொட்டும் நாற்றுக் கட்டைச் சேற்றில் நின்று திரும்பித் தூக்குகிற வேலையை இந்தப் போகத்துக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.