நரம்புக்குக் கறண்ட், மூளைக் கட்டிக்கு வைத்தியம்: கேள்வி பதில்

கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவள் நான். நரம்பைத் தூண்டி மூளைக் கட்டி வைத்தியத்தை மேம்படுத்தலாமாம் என்று போன கிழமை ஒருவர் கேட்டார். பிறகு கேள்விகள் குவிந்துவிட்டன.

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, அம்மாவுக்கு கிளியோபிளாஸ்டோமா எண்டு சொல்லிப்போட்டினம். நரம்புக்குக் கறண்ட் குடுத்தா கட்டி கரையுமோ?

கரையாது தம்பி. கிளியோபிளாஸ்டோமா என்பது வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய். கட்டியைத் தாக்குவது கதிரும் மருந்தும்தான். நரம்பைத் தூண்டுவது, தோட்டத்துக்கு இறைக்கும்போது மடை திறந்துவிடுகிறோமே, அதுபோல் கட்டிக்கு இரத்தம் போக வழி திறக்கிற வேலைக்கு.

கட்டி வளரும் வேகத்துக்கு அதன் இரத்தக்குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. அதனால் உள்ளே சில இடங்கள் ஒட்சிசன் இல்லாமல் கிடக்கும். கதிர் டிஎன்ஏயை உடைக்கும்போது அந்த உடைவு திரும்ப ஒட்டாமல் பார்த்துக்கொள்வது ஒட்சிசன். அது இல்லாத கலத்தைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு கதிர் வேண்டும். ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் சில வைத்தியர்கள், தீராத வலிக்கு வைக்கிற மின்வாயைக் கழுத்துப் பக்கம் முள்ளந்தண்டு வடத்தின் மேல் வைத்துத் தூண்டிப் பார்த்தார்கள். மூளைக் கட்டிக்குப் போகும் இரத்தோட்டம் கூடியது என்று 2003 இல் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் நோயாளிகள் மிகச் சிலர். ஆயுள் கூடியது என்று அதை வைத்துச் சொல்ல ஏலாது.

பருத்தித்துறையிலிருந்து: குடுக்கிற மருந்து மூளைக்குள்ள போறதில்லையாம், உண்மையோ?

பெரும்பாலான மருந்துகள் போகாது. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் கலங்கள் இடைவெளியில்லாமல் நெருக்கிப் பூட்டியிருக்கும். இரத்த-மூளைத் தடுப்பு என்பது இதுதான். மூக்குக்குப் பின்னால், மேல்தாடை எலும்புக்குப் பின்புறம் ஒரு சிறு நரம்பு முடிச்சு இருக்கிறது. அதிலிருந்து போகும் நரம்புகள் மூளையின் இரத்தக்குழாய்களை விரியச் செய்யும். அந்த முடிச்சுக்குக் கறண்ட் கொடுத்தால் தடுப்பும் கொஞ்சம் தளர்கிறது என்று இஸ்ரேலில் விலங்குகளில் காட்டினார்கள். நாய்களில் செய்த ஆய்வு 2004 இல் வந்தது. மூளைக் கட்டிக்கு இது எந்த வைத்தியசாலையிலும் இன்னும் வழக்கமான சிகிச்சை இல்லை.

மானிப்பாயிலிருந்து ஒரு அண்ணை: கனடாவில இருக்கிற மச்சான் தலையில ஒட்டுற ஒரு மெசினைப் பற்றிச் சொன்னவர். அதுவும் இதுதானோ?

இல்லை அண்ணை, அது வேறு. மொட்டை அடித்து, தலையில் ஒட்டுகளை ஒட்டி, நாளுக்கு 18 மணித்தியாலமாவது போட்டிருக்க வேண்டும். அதன் மின்புலம் செக்கனுக்கு 2 லட்சம் தடவை முன்னும் பின்னுமாக மாறும். அந்த வேகத்துக்கு நரம்பு துடிக்காது. இரண்டாகப் பிரிந்து பெருகுகிற கலம்தான் குழம்பும். 695 பேரில் செய்த ஆய்வில், டெமோசோலொமைட் என்ற புற்றுநோய் மருந்து மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 16 மாதம், கருவியும் போட்டவர்களுக்கு 20.9 மாதம். விலையோ மிகக் கூட.

சாவகச்சேரியிலிருந்து: வலிப்புக்குக் கழுத்தால போற வேகஸ் நரம்பில வைக்கிற கருவி கட்டிக்கும் உதவுமோ?

இல்லை, அது கட்டிக்கு வைத்தியம் இல்லை. கருவி வைத்தவரென்றால் எம்ஆர்ஐ எடுக்கமுன் சொல்லிவிடுங்கோ.

கோப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: இங்க ஒரு இடத்தில நரம்புக்குக் கறண்ட் பிடிக்கினம். அப்பாவைக் கொண்டு போகட்டோ?

வேண்டாம் பிள்ளை, கெஞ்சிக் கேட்கிறேன். அப்படி ஓர் இடத்துக்கு இரண்டு மாதம் அலைந்த ஒருவரை, ஒரு பக்கம் விழுந்த பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். அவருடைய மனுசியின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: மூளை நரம்புக் கலங்கள் இந்தக் கட்டியோடு நேரடியாக இணைப்புப் போட்டு, அதன் வளர்ச்சிக்குத் தீனி போடுகின்றன என்று 2019 இல் கண்டுபிடித்தார்கள். எந்த நரம்பு, எவ்வளவு கறண்ட் என்று தெரியாமல் கை வைக்கிற விசயமில்லை இது.

திரும்பவும் சுன்னாகத்துத் தம்பி: அப்ப அம்மாவுக்கு இப்ப என்ன செய்யிறது?

ஒப்பரேசன் காயம் ஆறியதும் கதிரைத் தொடங்குங்கோ. வழமையாகக் கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை. கூடவே டெமோசோலொமைட், வெறும் வயிற்றில். வயதையும் உடல்நிலையையும் பார்த்து டொக்டர் நாட்களைக் குறைக்கலாம். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளில் எங்கே அனுப்பினாலும் எம்ஆர்ஐ சீடியும் பயொப்சி அறிக்கையும் கையில் இருக்கட்டும். தலை அசையாமலிருக்க முகத்துக்கு ஒரு வலைமூடி செய்வார்கள். முதல் நாள் அம்மா அதற்குத்தான் பயப்படுவா. கதவு வரைக்கும் கூடப் போங்கோ, உள்ளே நாங்கள் கமராவில் பார்த்துக்கொண்டேயிருப்போம் என்று சொல்லுங்கோ.