இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் அவருக்காக இயேசு அழுதது நடிப்பா?

நடிப்பு இல்லை. நாலு நிமிடத்தில் எல்லாம் சரியாகும் என்று தெரிந்தாலும், எதிரே அழுகிறவரின் வலி அந்த நேரத்தில் நிஜம்தானே.

'இயேசு கண்ணீர் விட்டார்' என்கிற யோவான் 11:35-ஐ மட்டும் தனியாக எடுத்துப் படித்ததால் இந்தச் சந்தேகம் வந்திருக்கலாம். 33-ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள்: லாசருவின் சகோதரி மரியாளும் கூட வந்தவர்களும் அழுவதைக் கண்டுதான் அவர் கலங்குகிறார். கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள சொல்லில் சினத்தின் சாயலும் உண்டு. 'கலங்கி' என்ற நம் மொழிபெயர்ப்பில் அது தெரிவதில்லை. அப்புறம் எபிரெயர் 4:15-ஐயும் பாருங்கள்: நம் பலவீனங்களைக் கண்டு இரங்குகிறவர் அவர் என்கிறது.

ஆனால் ஒன்று, மக்களின் அவிசுவாசத்துக்காகவே அழுதார் என்கிற உரைகாரர்களும் உண்டு. 36-இல் அருகில் நின்றவர்கள் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். நானும் அந்த அருகில் நின்றவர்கள் பக்கம்தான். 'முதலில் ஏன் சாகவிட்டார்' என்ற உங்கள் அடுத்த கேள்விக்கு இந்தக் கண்ணீர் பதிலாகாது.