வட்டி குறைஞ்சா பாண்டை விட்டுட்டு ஷேருக்குப் போயிடலாமா?

வட்டி இவ்ளோ இறங்கிடுச்சே, அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணத்தை மொத்தமா ஷேருக்கு மாத்திடலாமானு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு மாத்தாதீங்க. அதே சமயம் பாண்டுன்னாலே (கவர்மென்ட்டோ கம்பெனியோ நம்மகிட்ட கடன் வாங்கிட்டுக் குடுக்குற சீட்டு) பாதுகாப்புன்னு கண்ண மூடிட்டும் வாங்காதீங்க, நாங்க அடி வாங்குனது அங்கதான்.

எங்கப்பா சேலம் இரும்பாலைல இருந்து 2020 மே மாசம் ரிட்டயர் ஆனாரு. அதே மாசம் ரிசர்வ் பேங்க் ரெப்போவை, அதாவது அது மத்த பேங்குகளுக்குக் கடன் குடுக்குற வட்டியை, 4 சதவீதத்துக்கு இறக்குச்சு. சேலம் அஞ்சு ரோட்டுல எந்த பேங்க்ல ஏறி எறங்குனாலும் எஃப்டிக்கு அஞ்சு அஞ்சரைன்னாங்க, விலைவாசியோ அந்த வருஷம் ஆறுக்கு மேல. 15 லட்சத்தை போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல 7.4க்குப் போட்டோம், மூணு மாசத்துக்கு ஒருக்கா 27,750 வரும், அம்மாவோட மாத்திரை, மளிகை எல்லாம் அதுலதான். அப்போ அதுக்கு லிமிட்டே 15 லட்சம். மிச்சத்துல 5 லட்சம் ரிசர்வ் பேங்கோட ஃப்ளோட்டிங் ரேட் பாண்டுல (வட்டி அப்பப்போ மாறுற பாண்டு) போட்டுட்டு, இன்னொரு 5 லட்சத்தை 2021 ஜனவரில ஒரு ஏஜென்ட் சொல்லி நீண்ட கால கில்ட் ஃபண்டுல (கவர்மென்ட் பாண்டுகளை வாங்கி வெச்சிருக்குற மியூச்சுவல் ஃபண்டு) போட்டோம். ரெண்டுமே கவர்மென்ட்டுக்குக் குடுக்குற கடன்தான், பயமே வேண்டாம்னாரு.

2022 மே மாசம் ரிசர்வ் பேங்க் வட்டியை ஏத்த ஆரம்பிச்சுச்சு, ஜூன்ல பாத்தா கில்ட் ஃபண்டு போட்டதை விட கம்மியா நிக்குது. அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. விஷயம் என்னன்னா, 6 சதவீதம் தர்ற பத்து வருஷ பாண்டு உங்க கையில இருக்கும்போது கடையில புதுசா 7.5 தர்றது வந்துட்டா, உங்களோடதை நூறு ரூபாய்க்கு எவனும் வாங்கமாட்டான், தொண்ணூறு தான் கேப்பான். ஃப்ளோட்டிங் பாண்டுல கதை தலைகீழ், 7.15ல இருந்தது 2023 ஜூலைல 8.05 ஆயிடுச்சு.

ஷேர் வேண்டாம்னு சொல்லலங்க. வட்டி கம்மியா இருந்தா கம்பெனிகளுக்குக் கடன் செலவு குறையும், எஃப்டில இருக்குற பணமும் அங்க போகும், விலை ஏறும். ஆனா 2020 ஜனவரில 42,000ஐத் தொட்ட சென்செக்ஸ் (மும்பை ஷேர் மார்க்கெட்டோட குறியீடு) மார்ச்சுல 26,000க்குக் கீழ வந்துச்சு, அந்த நேரம் பாத்து ஆஸ்பத்திரி செலவு வந்திருந்தா கிட்டத்தட்ட நாப்பது சதவீதம் நஷ்டத்துல வித்திருப்போம். அடுத்த ஜனவரில 50,000 தொட்டுச்சுதான், ஆனா காத்திருக்க முடிஞ்சவங்களுக்குத்தான் அது. ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வெச்சிருக்குற எங்க சித்தப்பா, நட்ட செடி காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும், அதுவரைக்கும் அதை நம்பி உலை வெக்காதேம்பாரு. என் பொண்ணு காலேஜுக்கு இன்னும் 11 வருஷம் இருக்கு, அதுக்கு மட்டும் நான் இண்டெக்ஸ் ஃபண்டுல (குறியீட்டுல இருக்குற ஷேர்களை அப்படியே வாங்குற ஃபண்டு) மாசாமாசம் போடுறேன்.

2025 பிப்ரவரில இருந்து ஜூனுக்குள்ள ரெப்போ 6.5ல இருந்து 5.5க்கு இறங்குனதால, வட்டி இறங்குனா பழைய பாண்டு விலை ஏறும்ங்கிறதால, ஏஜென்ட்டுங்க மறுபடி கில்ட் ஃபண்டோட பழைய லாபத்தைக் காட்டி வருவாங்க. முதல்ல அந்த ஃபண்டோட மாசாந்திர ஃபேக்ட்ஷீட்ட (ஃபண்டு விவரத்தாள்) வாங்கி 'மாடிஃபைட் டியூரேஷன்' எவ்ளோன்னு பாருங்க, 7ன்னு இருந்தா வட்டி ஒரு சதவீதம் ஏறுனா உங்க பணத்துல கிட்டத்தட்ட ஏழு சதவீதம் இறங்கும். சீனியர் சிட்டிசன் ஸ்கீமுக்கு இப்ப லிமிட் 30 லட்சம், அப்பாவுக்கு 60 ஆயிடுச்சுன்னா முதல்ல அதை நிரப்புங்க.