மாமியிடம் விடுவதா, மூடுவதா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வீட்டிலேயே ஆறு பிள்ளைகளைப் பகலில் பார்க்கிறேன். நாலு பேர் 2 வயதுக்குக் குறைவு. பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய். இப்போது எனக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. பிள்ளை பிறக்கும் திகதி நவம்பர் 28. சொன்னால் வேறிடம் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை. “நான் பார்க்கிறன், நீ படு” என்கிறா மாமி. எவ்வளவு காலம் மூடுவது? காசுக்கு என்ன வழி?

பதில்: முதலில் பெற்றோருக்குச் சொல்லுங்கள், இந்தக் கிழமையே. பிள்ளைக்கு இடம் தேட இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் அவர்கள் உங்களோடு நிற்பார்கள். ஒக்டோபரில் சொன்னால்தான் கோபித்துக்கொண்டு போவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பிள்ளைக்காவது கொப்புளிப்பான் போட்டால் அன்றைக்கே உங்களுக்குத் தெரியவேண்டும். உங்களுக்கு முன்பு வந்ததா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள். வரவில்லை என்றால், தொற்றுக்கு ஆளான அன்றே வைத்தியரைக் காணவேண்டும். பல நாள் கடந்தால் தடுக்கும் மருந்து பயன் தராது. பம்பஸ் மாற்றியதும், எச்சில் துடைத்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். பிள்ளை மிச்சம் வைத்ததை வாயில் போடும் பழக்கத்தையும் விடுங்கள். சிறுபிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் வரும் சைட்டோமெகலோ வைரஸ் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டம் 84 நாள் பிரசவ விடுமுறை கொடுக்கிறது. உங்களுக்கு அதைத் தர முதலாளி இல்லை. ஆனாலும் அளவு அதுவாக இருக்கட்டும். ஒக்டோபர் 31 கடைசி நாள். அன்று உங்களுக்கு 36 கிழமை. பிள்ளை முந்தினாலும் வீட்டில் ஆறு பேர் இருக்கமாட்டார்கள். நவம்பர் 28இலிருந்து 84 நாள் எண்ணினால் பெப்ரவரி 20. 31ஆம் நாள் துடக்குக் கழிந்ததும் திறக்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள். கக்குவான் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியின் முதல் ஊசி பிள்ளைக்கு 2 மாதத்தில்தான். அதற்கு முன் இருமும் பிள்ளைகளை அதே அறையில் வைப்பது ஆபத்து. சத்திரசிகிச்சை என்றால் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. 2 வயதுப் பிள்ளை 11, 12 கிலோ இருக்கும்.

மாமி விஷயம். அவர் தனியே ஆறு பிள்ளைகளைப் பார்ப்பது சரிவராது. 2 வயதுக்குக் குறைந்த நாலு பேரில் ஒருவரைக் கழுவும்போது மற்ற மூவரை யார் பார்ப்பது? நீங்கள்தான் எழுந்து வருவீர்கள், தையலோடு. அத்தோடு உங்களுக்குச் சரக்குக் கறி வைக்கவும் அவர்தான். மாமியை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இனிக் காசு. மாதம் வரும் 60,000இல் சாப்பாடு, காஸ், மின்சாரம், உதவிக்கு வரும் ஆளுக்குக் கொடுப்பது எல்லாம் போக 30,000 மிஞ்சுவதாக வைப்போம். மூடியிருக்கும் நாலு மாதத்துக்கு வீட்டுப் பங்காக மாதம் 18,000 தேவை என்றால் மொத்தம் 72,000. ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் மூன்று மாதத்தில் அதைச் சேர்ப்பதென்றால் மாதம் 24,000, நடக்காது. அதனால் இடம் வைத்திருப்பதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 1,500 கேளுங்கள்: ஆறு பேர், நாலு மாதம், 36,000. மிச்சம் 36,000ஐ மாதம் 12,000 வீதம் நீங்கள் ஒதுக்கலாம். இரண்டு பேர் தரமாட்டார்கள் என்றே கணக்குப் போடுங்கள். அப்போது மாதம் 16,000. சீட்டுப் பிடிப்பவராயின் நவம்பர்ச் சீட்டை இப்போதே கேட்டு வையுங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: “திறந்ததும் கட்டணத்தில் கழிக்கிறேன்” என்று வாக்குக் கொடுப்பார்கள். பிறகு மார்ச்சில் பிள்ளைகள் வருவார்கள், காசு வராது. கழிக்காதீர்கள். நீங்கள் திறக்காவிட்டால் திருப்பித் தருவதாக மட்டும் எழுதுங்கள். கடிதத்தில் ஐந்து வரி போதும்:

“ஒக்டோபர் 31 கடைசி நாள். பெப்ரவரி கடைசிக் கிழமையில் திறப்பேன். சரியான நாளை ஜனவரி 31க்குள் சொல்வேன். இடம் வைக்க மாதம் 1,500. நான் திறக்காவிட்டால் முழுவதும் திருப்பித் தரப்படும்.”

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பிரதி கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னது ஜனவரியில் யாருக்கும் நினைவிருக்காது.

ஆசிரியர்களின் பிள்ளைகள் இருந்தால் தவணை விடுமுறையை ஒருமுறை பாருங்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு நீங்கள் தேவையில்லை. மருத்துவமனை வேலைக்காரருக்குத்தான் இடைக்காலத்துக்கு ஆள் வேண்டும். உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைத் தெரிந்தால் காட்டிக் கொடுங்கள், பிள்ளை அங்கேயே நின்றுவிடும் என்று பயந்தாலும்.

திறக்கும்போது ஆறு பேரையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். முதல் இரண்டு கிழமை மூத்த பிள்ளைகள் இருவர் மட்டும், பகல் 12.30 வரை. மார்ச் நடுவில் மற்றவர்கள். இரவில் மூன்று தரம் எழும்பியவருக்குக் காலை 7 மணிக்குக் கதவு திறப்பது பெரிய பாடு. முதல் மாதம் 8 மணி என்று போடுங்கள். மாரிக்குப் பிறகு முற்றத்து வாளி, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைத் திறப்பதற்கு முதல் நாள் ஊற்றிவிடுங்கள். டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகும், இப்போது வீட்டில் கைக்குழந்தையும் இருக்கும்.