அப்பாவா, அம்மாவா என்று நீதிபதி கேட்டால்?

(குடும்ப நல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் வாசகர்களுக்குத் தரும் பதில்கள்)

மகளுக்கு 4 வயது. சண்டையில் கணவர் அவளைக் கோவையில் தன் அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார். “சட்டப்படி அப்பாதான் கார்டியன், எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் கிடைக்காது” என்கிறார். – வாசகி, திண்டுக்கல்

பாதி உண்மையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6-ஆவது பிரிவில், இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. ஆனால் 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ‘பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகள் வழக்கமாக வளர்ந்த ஊர் திண்டுக்கல் என்றால் மனுவை அங்கேயே போடலாம். தடுப்பூசி அட்டை, பள்ளியில் சேர்த்த ரசீது எல்லாம் அதற்குச் சான்று. வழக்கு முடியும்வரை குழந்தை உங்களிடம் இருக்க இடைக்கால மனுவும் சேர்த்துப் போடுங்கள். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். குழந்தை அங்கே பழகிவிட்டாள் என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

இரண்டு வருடமாகப் பிரிந்திருக்கிறோம். விவாகரத்துக்கு இருவருக்கும் சம்மதம். இன்னும் 6 மாதம் காத்திருந்தே ஆக வேண்டுமா? – வாசகர், மதுரை

கட்டாயமில்லை. சமரசத்துக்கு வழியே இல்லை, ஜீவனாம்சமும் பிள்ளையின் பொறுப்பும் பேசி முடிந்துவிட்டன என்றால், அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2017-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அதற்குத் தனி மனு போட வேண்டும்.

8 வயது மகனைச் சனிக்கிழமைதோறும் கோர்ட் வளாகத்தில் 2 மணி நேரம் பார்க்கிறேன். முன்பு ஓடி வருவான். இப்போது முகத்தைப் பார்க்காமலே “வரலை” என்கிறான். மனைவி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பணத்தை நிறுத்தலாமா? – வாசகர், சென்னை

நிறுத்தாதீர்கள். அது அவன் சாப்பாடும் பள்ளிக் கட்டணமும். பார்க்க விடாததற்குப் பதிலடியாக அதை நிறுத்தினால் நீதிமன்றம் ஏற்காது.

சொல்லிக்கொடுத்திருக்கலாம். சொல்லிக்கொடுக்காமலும் இருக்கலாம். உங்களோடு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்ப்பது ஒரு 8 வயதுப் பையனுக்கு எவ்வளவு பாரம் என்று நான் அந்த வராந்தாவில் நின்று பல முறை பார்த்திருக்கிறேன். “அம்மா என்ன சொன்னாங்க?” என்று ஒரு வாரம்கூடக் கேட்காதீர்கள். ஒரு கேரம் போர்டோ செஸ் போர்டோ கொண்டுபோங்கள். அவன் விளையாடாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். இடத்தைப் பூங்காவுக்கோ நூலகத்துக்கோ மாற்றச் சொல்லி மனு போடலாம். தினம் சிறிது நேரம் வீடியோ காலில் பேசும் உரிமையையும் கேளுங்கள். அதன் அவசியத்தை உச்ச நீதிமன்றமே 2020-இல் வலியுறுத்தியிருக்கிறது. கூட்டி வராத சனிக்கிழமைகளைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

ஜீவனாம்ச வழக்கு போட்டதும் கணவர் வேலையை விட்டுவிட்டார். “வருமானமே இல்லை” என்கிறார். – வாசகி, சேலம்

இதை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு இருவருமே வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அதில் மறைத்ததை நீங்கள் காட்டினால் வழக்கே திரும்பும். பழைய சம்பளச் சீட்டு, வண்டி, வங்கிக் கணக்கு என்று தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள். உடலில் தெம்புள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகையும் மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். வாய்தா இழுத்தால் அவருக்குத்தான் பாக்கி ஏறும்.

எனக்கு 13 வயது. யாரிடம் இருக்க ஆசை என்று ஜட்ஜ் என்னைக் கேட்பாராம். யாரைச் சொன்னாலும் இன்னொருவர் அழுவார். நான் என்ன சொல்வது? – பெயர் வேண்டாம்

கண்ணு, உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கூண்டில் ஏற்றி உன்னைக் கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் நீதிபதி தன் அறையில் உட்காரவைத்துப் பேசுவார், அப்பா அம்மா வெளியே இருப்பார்கள். யோசிக்கத் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேட்கலாம், அவ்வளவுதான். முடிவு நீதிபதியுடையது. யார் அழுதாலும் அது உன்னால் நடந்ததாக ஆகாது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் இல்லை, விளையாட்டுப் பொருள்களும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது.

“தேர்ந்தெடுக்க எனக்கு இஷ்டமில்லை” என்று சொல்லலாம், அதுவும் பதில்தான். பள்ளிக்கூடம் மாறக் கூடாது, தம்பியைப் பிரிக்கக் கூடாது, லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகணும் என்று மனதில் இருப்பதைச் சொல். இப்படிப் பேசு என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் அதையும் சொல்லிவிடு. வீட்டில் யாராவது மிரட்டினாலோ அடித்தாலோ கோர்ட் தேதிவரை காத்திருக்காதே, 1098-க்குப் போன் செய். ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு ஆகாது.