இன்புளூயன்சா வைரசின் மேற்புரதங்களும் ஒளிரும் எதிர்ப்பொருள்களும்: கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி, முதுகலை மாணவி): வைரசின் மேற்புரதமான ஹீமாக்ளூட்டினினை, அதைப் பற்றும் எதிர்ப்பொருளும் ஒளிரும் சாயமும் கொண்டு, வைரஸ் ஏற்றிய செல்லின் மேற்பரப்பில் மட்டும் காண விரும்பினேன், ஐயா. ஆனால் செல் முழுவதும் பச்சையாக ஒளிர்கிறது. ஏன்?

பதில்: டிரைட்டான் என்ற சவர்க்காரப் பொருளைச் சேர்த்திருப்பீர்கள், அல்லது செல்களை அசிட்டோனில் நிலைப்படுத்தியிருப்பீர்கள், அதாவது இருந்த நிலையிலேயே உறையச் செய்திருப்பீர்கள். இரண்டுமே செல் சவ்வைத் துளைத்துவிடுவதால், உள்ளே உருவாகி மேற்பரப்பை நோக்கிப் பயணித்துக்கொண்டிருக்கும் புரதத்தையும் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்கிறது. நிலைப்படுத்த 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு மட்டும் போதும். அதைவிடச் சிறந்தது, உரிய உயிரிப் பாதுகாப்பு வசதி இருந்தால், உயிருள்ள செல்களைப் பனிக்கட்டியின் மேல் வைத்து எதிர்ப்பொருளை இட்டு, கழுவிய பின் நிலைப்படுத்துவது. குளிரில் செல் அந்த எதிர்ப்பொருளை உள்ளிழுத்துக்கொள்ளாது. சவ்வு முழுமையாக இருக்கிறதா என்றறிய, செல்தட்டின் பக்கத்துக் குழியில், வைரசின் நியூக்ளியோபுரதத்துக்கான எதிர்ப்பொருளை இடுங்கள். அப்புரதம் செல்லுக்குள், குறிப்பாக உட்கருவில், இருப்பது. ஆகவே அக்குழியில் உட்கருக்கள் ஒளிர்ந்தால் சவ்வு திறந்துவிட்டது என்று பொருள். வைரஸ் ஏற்றாத செல்களுக்கும், இரண்டாம் எதிர்ப்பொருள் (முதல் எதிர்ப்பொருளைப் பற்றும், சாயம் இணைத்த எதிர்ப்பொருள்) மட்டும் இட்ட செல்களுக்கும் தனித்தனிக் குழிகள் கட்டாயம் வேண்டும். இவ்விரண்டின் படங்களும் இல்லாத கட்டுரையை நான் நம்பிப் படிப்பதில்லை.

கேள்வி (தேவகோட்டை, ஆய்வு மாணவர்): ஹீமாக்ளூட்டினின் வகைகளுள் எச்1 வகைக்கு வாங்கிய எதிர்ப்பொருள், எச்3 வகை கொண்ட வைரசில் ஒளிரவே இல்லை. கெட்டுப்போயிற்றா, ஐயா?

பதில்: இல்லை, தம்பி. பெரும்பாலான எதிர்ப்பொருள்கள் ஹீமாக்ளூட்டினினின் தலைப்பகுதியைப் பற்றுபவை. வகைக்கு வகை மிகுதியாக மாறுவதும் அப்பகுதியே. தண்டுப்பகுதி அவ்வளவு மாறுவதில்லை என்றாலும், எச்1, எச்3 இரண்டும் வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவை என்பதால், தண்டைப் பற்றும் எதிர்ப்பொருள்களிலும் பல ஒரு குழுவுக்குள்ளேயே நின்றுவிடும். எச்1 வைரசில் ஒருமுறை சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் தனி வைரசைக் காண முடியுமா?

பதில்: புள்ளியாகக் காணலாம், வடிவத்தைக் காண முடியாது. வைரஸ் ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவதோ சுமார் 200 நானோமீட்டர் வரைதான்.

கேள்வி (புதுவயல், ஆய்வக உதவியாளர்): வெயில் காலத்தில் மின்சாரம் போய்விடுமோ என்று, சாயம் இணைத்த எதிர்ப்பொருள்களை உறைபெட்டியில் வைக்கலாமா?

பதில்: ஃபைக்கோஎரித்ரின் சாயம் இணைத்தவற்றை ஒருபோதும் உறையவிடக் கூடாது. 2 முதல் 8 டிகிரியில், அலுமினியத் தாளில் சுற்றி, இருட்டில் வையுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான், கோழி வளர்ப்பவர்): கோழிகள் திடீரென்று சாகின்றன, ஐயா. இந்தச் சாயத்தை வைத்துப் பறவைக் காய்ச்சலா என்று பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: எங்களிடம் கொண்டுவர வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் அத்தகைய மாதிரியைத் திறப்பதே ஆபத்து. உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலை உறுதிசெய்யும் தேசிய ஆய்வகம் போபாலில் உள்ளது. மாதிரியை முறைப்படி எடுத்து அனுப்புவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதுவரை இறந்த கோழிகளை வெறுங்கையால் தொடாதீர்கள், எஞ்சியவற்றை விற்கவும் வேண்டாம்.