கானில் அடைத்த குப்பையும் போனில் வளரும் காடும்

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் என் மகன், ராத்திரியானால் போனில் 'டெர்ரா நில்' என்று ஒரு கேம் விளையாடுகிறான். பாழ்நிலத்தைச் சுத்தம் செய்து காடாக்குகிறானாம், மனசுக்கு அமைதியாக இருக்கிறதாம். நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் கான் முழுக்கப் பொலித்தீன். அதில் ஒரு கை வைக்க மாட்டான். இது வீண்வேலை இல்லையா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: இல்லை, சகோதரி. 2023இல் வெளிவந்த அந்தத் தென்னாபிரிக்க விளையாட்டை நானும் விளையாடியிருக்கிறேன். முதலில் நஞ்சேறிய மண்ணைச் சுத்தமாக்க வேண்டும். அப்புறம் புல், ஈரநிலம், காடு. எல்லாம் வளர்ந்ததும், நாம் வைத்த காற்றாலை, இயந்திரம் அத்தனையையும் கழற்றி எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம்தான் என்னை உலுக்கியது. நம் மலைகளில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்க, அதே சரிவுகளில் தேயிலையை நட்டார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்ற நினைப்பு ஒரு மலையகப் பிள்ளையின் மனதில் விழுந்தால் அது வீணா?

ஆனால் விளையாட்டில் மண் நொடியில் பச்சையாகிவிடுகிறது. நிஜம் உங்களுக்குத் தெரியும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ நட்டு, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி, ஒன்றரை இரண்டு வருஷம் மண்ணைத் தேற்றிய பிறகுதானே புதுக்கன்று வைக்கிறார்கள்? அதை அவனிடம் எப்போதாவது சொன்னீர்களா? ஒரு நாள் அந்த மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, கானுக்கு வருவோம். அவன் கை வைக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் வைத்தீர்களா? அதில் கிடக்கும் லஞ்ச் சீட்டும் சொப்பிங் பேக்கும் எல்லா வீட்டிலிருந்தும் வந்தவைதானே! போன மழையில் எங்கள் பக்கத்து லயத்துக் கானில் நான் இறங்கினேன். சேறு நிறைந்த ஒரு பையை இழுத்தால் பாதி கையோடு வருகிறது, மீதி மண்ணுக்குள் நிற்கிறது. அதையும் தோண்டி எடுத்தபோது, பின்னால் தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீர் 'களக்' என்று ஓடியது. அடுத்த கிழமையே மறுபடி அடைத்துவிட்டது. அள்ளிய குப்பையை ஏற்றிப்போக ஒரு வண்டி வராத இடத்தில் வேறு என்ன நடக்கும்?

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களை ஒதுக்கியே வைத்திருந்தது. 2018இல் அதைத் திருத்திய பிறகுதான் தோட்டத்துக்கும் சபை வேலை செய்யச் சட்டத்தில் வழி பிறந்தது. அந்த வழியில் குப்பை வண்டி கேட்டுச் சபைக்கு நீங்கள் இன்னும் ஒரு கடிதம்கூட அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள். லயத்தில் எத்தனை வீடு, கான் எங்கே தொடங்கி எங்கே ஆற்றில் விழுகிறது, லொறி திரும்ப எந்த வளைவில் இடம் இருக்கிறது என்று ஒரு வரைபடமும் போடட்டும். கையெழுத்துக்கு நீங்கள் வீடு வீடாகப் போங்கள்.